முருக பக்தைக்கு விமானத்தில் பயம் வரலாமா?

ஓம் சரவணபவ.

நம் பஜனைக் குழுவில் இருக்கும் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "அக்கா, மாசா மாசம் கிருத்திகைக்கு மயிலம் போறீங்க. வாயைத் திறந்தா முருகான்னுதான் வருது. அப்புறம் ஏரோப்ளேன்ல ஏற ஏன் இப்படி நடுங்கறீங்க? நம்பிக்கை இருக்கறவங்களுக்குப் பயம் வரலாமா?"

குத்திக் காட்ட அவர் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நம்மில் பல பேருக்கு இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

எங்களுடையது பாகூர் கொம்யூனில் ஒரு கிராமம். புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரீஸ் ஒன்றும் புதிதல்ல. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை தந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வில்லியனூரிலும் இருக்கிறார்கள், பாகூரிலும் இருக்கிறார்கள். என் மருமகன் அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளை. மகளுக்கு அங்கே முதல் பிரசவம். அம்மா போகாமல் முடியுமா?

சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலரை மணி நேரம். அங்கே இறங்கி வேறு விமானம் மாறிப் பாரீஸுக்கு ஏழு மணி நேரம். அதுவரை நான் போன அதிகபட்ச உயரம் பழநி மலை. டிக்கெட் எடுத்த நாளிலிருந்து ராத்திரித் தூக்கம் போச்சு. கண்ணை மூடினால் வயிற்றைப் பிசையும், உள்ளங்கை ஜில்லென்று ஆகும். அகமதாபாத் விபத்து நடந்து அப்போது நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பயம் வந்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?

நம் முருகன் எதற்காக அவதரித்தான் என்று யோசித்துப் பாருங்கள். சூரபத்மனுக்குப் பயந்து தேவர்கள் ஓடினார்கள், ஒளிந்தார்கள், சிவபெருமானிடம் போய் அழுதார்கள். அந்த அழுகைக்குப் பதிலாக வந்தவன்தான் ஆறுமுகன். பயந்தவர்களுக்காகவே பிறந்த சாமி அவன். "பயப்படறவங்க என்கிட்ட வராதீங்க" என்று அவன் சொல்லவே இல்லை. நம் வீட்டுப் படத்தில் "யாமிருக்க பயமேன்" என்று போட்டிருக்கிறதே, அது யாரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை? பயப்படாதவனிடம் போய் யாராவது "பயம் ஏன்?" என்று கேட்பார்களா? நடுங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் அப்பன் அப்படிக் கேட்பான். அந்தப் பிள்ளை நடுங்குவதால் அப்பன் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. நடுங்கும்போது யார் கையைத் தேடுகிறது என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது.

நம்மூர்க்காரர்கள் அந்தக் காலத்தில் சைகோனுக்கும் மார்சேய்க்கும் கப்பலில் போனார்கள். புதுச்சேரியில் கப்பல் கரை வரைக்கும் வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்கிற படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் பயம் இல்லாமலா இருந்திருக்கும்? பயம் இருந்தது, போனார்கள். அவ்வளவுதான்.

அடுத்தது இதைவிடக் கஷ்டமான கேள்வி. எனக்குத் தைரியம் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "நீங்க முருகன் பக்தை, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் என் மனசு அதை ஏற்கவில்லை.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் கிளம்பிய விமானத்தில் 242 பேர் இருந்தார்கள். 241 பேர் இறந்துபோனார்கள், ஒருவர் மட்டும் பிழைத்தார். கீழே கட்டடத்தில் இருந்தவர்களும் இறந்தார்கள். அந்த விமானத்தில் சாமி கும்பிட்டவர்கள் இல்லையா? விபூதி, குங்குமம், சாமி படம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன பாட்டிகள் எத்தனை பேர்! "பக்தி இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னால், அவர்களுக்கெல்லாம் பக்தி போதவில்லை என்று சொன்ன மாதிரி ஆகாதா? செத்தவர்கள் மேல் அப்படி ஒரு பழியைப் போட்டுத்தான் எனக்குத் தைரியம் வர வேண்டும் என்றால், அந்தத் தைரியம் எனக்கு வேண்டாம்.

அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்று நாம் உருகிச் சொல்கிறோம். நானும் சொல்கிறேன். ஆனால் விழுகிற எல்லாரையும் தாங்குவேன் என்று அவன் எழுதிக் கொடுத்த பத்திரமாக அந்தக் கதையை எடுத்துக்கொள்ளக் கூடாது. வழிபாடு இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை. இத்தனை கிருத்திகை விரதம் கட்டினால் இத்தனை மைல் பத்திரம் என்று கணக்குப் போட்டால் அது வியாபாரம்.

அப்படியானால் என்னதான் வேண்டிக்கொள்வது? எனக்கு வழி காட்டியது நக்கீரர் கதை.

திருப்பரங்குன்றத்தில் ஒரு பூதம் 999 பேரைப் பிடித்துக் குகைக்குள் அடைத்து வைத்திருந்தது. ஆயிரம் பேர் சேர்ந்ததும் சாப்பிடலாம் என்று காத்திருந்தது. ஆயிரமாவது ஆளாக மாட்டியவர் நக்கீரர். அவர் திருமுருகாற்றுப்படை பாடினார். முருகன் வேலால் குகையைப் பிளந்தான். இது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். பாடியவர் ஒருவர், வெளியே வந்தவர்கள் ஆயிரம் பேர். "நீ மட்டும் வா, மத்தவங்க பாடலை" என்று முருகன் சொல்லவில்லை. குகை திறந்தால் எல்லாருக்கும்தான் திறக்கும்.

விமானமும் ஒரு குகைதானே? கதவைச் சாத்திவிட்டால் முந்நூறு பேருக்கும் ஒரே விதி. "முருகா, என்னைக் காப்பாத்து" என்று மட்டும் கேட்டால் பயம் இன்னும் அதிகமாகத்தான் ஆகிறது. என் நெஞ்சுத் துடிப்பு, என் உயிர், என் பேரன் என்று மனசு சுருங்கிப் போகிறது. "முருகா, இதுல இருக்கற எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்துடு. ஓட்டறவங்களுக்கு நிதானத்தைக் கொடு. முன் சீட்டுல அழற அந்தக் கொழந்தைக்குக் காது வலி நிக்கட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். மனசு விரியும். விரிந்த மனசில் பயத்துக்கு இடம் இருக்கும். ஆனால் முழு இடத்தையும் அது பிடித்துக்கொள்ள முடியாது.

பயத்தை அழிக்கவே முடியாதா என்று கேட்டால், மயிலத்தைச் சொல்வேன். சூரனை முருகன் இல்லாமல் ஆக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாற்றினான். மயில் வாகனமாக வேண்டும் என்று சூரன் தவம் இருந்த இடம்தான் மயிலம் என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் குன்றே மயில் வடிவம் என்றுதான் நாம் கும்பிடுகிறோம். தேவர்கள் யாருக்குப் பயந்து ஓடினார்களோ அவன் மேலேயே ஏறி உட்கார்ந்து உலகம் சுற்றுகிறான் நம் சாமி. பயமும் அப்படித்தான். கொல்லப் பார்த்தால் மாமரமாக வேஷம் மாறி வந்து நிற்கும். அதை வாகனமாக்கப் பழக வேண்டும்.

எப்படிப் பழகுவது? நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உதவலாம்.

முதலில், தெரிந்துகொண்டேன். விமானம் குலுங்குவதை டர்புலன்ஸ் என்கிறார்கள். காற்று ஒரே சீராக ஓடாமல் மேலும் கீழுமாகப் புரள்கிற இடத்தில் போனால் குலுங்கும். பாகூர் ஏரிக்கரை மண் ரோட்டில் வண்டி தூக்கிப் போடுகிற மாதிரி. றெக்கை ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வளைந்து கொடுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரம் எவ்வளவோ, அதைப் போல ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்கும் என்று காட்டின பிறகுதான் அனுமதியே கொடுப்பார்கள். குலுக்கலில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். அதனால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பெல்ட்டைக் கழற்றவில்லை.

இரண்டாவது, மறைக்கவில்லை. ஏறும்போதே பணிப்பெண்ணிடம் "எனக்கு இதுதான் முதல் தடவை, பயமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். தமிழ் தெரிந்த பெண். குலுங்கும்போதெல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது, ஆறெழுத்து. பயம் வந்தால் மூச்சு மேல்மூச்சாகும். அதனால் ச-ர-வ என்று மனசுக்குள் சொல்லி மூச்சை இழுத்தேன். ண-ப-வ என்பதை இன்னும் மெதுவாக நீட்டி மூச்சை விட்டேன். வெளியே விடுகிற மூச்சு நீளமானால் நெஞ்சுத் துடிப்பு அடங்கும், உடம்பின் அமைப்பே அப்படி. பக்கத்து சீட்டில் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகிற ஓர் அம்மா, மகன் வீட்டுக்குப் போகிறார். கையில் ஜெபமாலை. அவரும் உதடு அசைய மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிற்பாடு என் தம்பி மகன் சொன்னான்: ஜெபமாலை சொல்கிறவர்களையும் மந்திரம் சொல்கிறவர்களையும் இத்தாலியில் சோதித்து, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்களாம். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து சீரானதாம். எண்ணிக்கை ஆறு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது!

கருங்கடல் பக்கம் நல்ல குலுக்கல். அந்த அம்மா என் கையைப் பிடித்தார், நானும் பிடித்துக்கொண்டேன். அவருக்கு மாதா, எனக்கு முருகன், பிடித்த கை ஒன்று. பயம் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் "ஏன் வந்தோம்" என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

பேரன் பிறந்தான். மூன்று மாசம் இருந்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போதும் உள்ளங்கை ஜில்லென்றுதான் இருந்தது. அடுத்த தடவையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

ஆகவே அந்தச் சகோதரிக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். பயம் வரலாம், அதில் வெட்கம் இல்லை. போக வேண்டிய இடத்துக்கு நம்மைப் போகவிடாமல் பயம் தடுக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பெற்ற பிள்ளைக்குப் பிரசவமோ, வயதான அப்பாவுக்கு ஆபரேஷனோ, யாரோ நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அங்கே போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து ஆயிரம் தடவை நாமம் சொல்வதைவிட, நடுங்கிக்கொண்டே போய் ஒரு தடவை "முருகா" என்பது அவனுக்குப் பிடிக்கும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் நன்றி சொல்லுங்கள். "நான் பக்தன், அதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சேர முடியாமல் போனவர்களுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுங்கள்.

இந்த வாரம் யாராவது முதல் தடவை விமானம் ஏறப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!