தன்னுடலுக்கு இன்னா செய்யலாமோ?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில், பெண் குழந்தைகளைப் பரதத்திற்கு அனுப்புவது போலவே ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் சீருடற்பயிற்சிக்கு அனுப்புவோரும் இன்று உளர். பிற உயிர்க்கு இன்னா செய்யலாகாது என்று மக்களுக்குக் கற்பிக்கும் நாம், ஒருவர் தம் உடலையே இடருக்கு உள்ளாக்கும் விளையாட்டைக் கைதட்டிக் காண்பது முறையாகுமா? திரிபுரா மாநிலத்துத் தீபா கர்மாகரின் வாழ்வைக் கொண்டு இவ்வினாவை ஆராய விழைகிறோம்.

1993ஆம் ஆண்டு அகர்தலாவில் பிறந்த தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஓடித் தாவி நிலைத்து நிற்க வேண்டிய கலைக்கு இது பெருந்தடை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி பல்லாண்டுகள் பொறுமையுடன் உழைத்து அக்குறையைப் போக்கினார். பழைய ஸ்கூட்டர் உறுப்புகளால் அமைத்த கருவியும் தொடக்கத்தில் பயன்பட்டது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபா வெண்கலம் வென்றார். அதற்குத் துணைநின்றது புரோதுனோவா என்னும் தாவல். ரஷ்ய நங்கை எலேனா புரோதுனோவா 1999இல் செய்துகாட்டியது. விரைந்தோடி, மேசைமீது கைகளை ஊன்றி எழுந்து, அந்தரத்தில் இருமுறை முன்புறம் கரணமிட்டுக் காலூன்றல் வேண்டும். சுழற்சி பிழைத்தால் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் கேடு. மரணத் தாவல் என்றே இதனை அழைப்பர்.

2016இல் ரியோ ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில் தீபா 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் 15.216க்குச் சென்றது. அந்த 0.150 புள்ளிக்காக நாடே வருந்தியது. பெண் நலமாக எழுந்து நின்றாளே என்று மகிழ்ந்தோர் எத்தனை பேர்?

இங்கே எலேனா முகினாவை நினைத்தல் தகும். 1978இல் உலக வாகை சூடிய சோவியத் வீராங்கனை அவர். கால் முறிவு முற்றும் ஆறுமுன்னரே பயிற்சிக்குத் திருப்பப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சில நாட்கள் முன்பு, கடினமானதொரு கரணத்தில் விழுந்து கழுத்து முறிந்தது. அப்போது வயது 20. 2006இல் மறையும் வரை கைகால் செயலிழந்தே வாழ்ந்தார்.

புறத்தே நோக்கின் இருவர் செயலும் ஒன்றே. ஆயின் ஒருவர் தாமே தெரிந்து, ஆயத்தம் செய்து ஏற்ற இடர் வேறு. மறுக்க இடமின்றி மற்றொருவர்மீது ஏற்றப்பட்ட இடர் வேறு. முன்னதைத் துணிவு எனலாம்; பின்னது கொடுமையே. குழந்தை 'முடியாது' என்னும்போது அது சோம்பலா, அச்சமா, உண்மையா என்று பகுத்தறிய வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம். வகுப்பறையைவிடத் தாவு மேசையின் முன் இது பன்மடங்கு இன்றியமையாதது. மகளைச் சேர்க்கும் பெற்றோர், பதக்கங்களை எண்ணுமுன், காயம் ஆறும்வரை அங்கே விடுப்பு உண்டா, கீழே தக்க மெத்தை உண்டா என்று கேட்டறிதல் நன்று. (கட்டண விவரத்தை மட்டும் நம்மவர் தவறாது கேட்பர்!)

2021இல் டோக்கியோவில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் தம் நிலை தமக்கே புலப்படாமையால் அணிப் போட்டியின் நடுவே விலகினார். பலர் ஏசினர். நமக்கோ, தாவுதற்கு வேண்டிய துணிவினும் அது குறைந்ததாகத் தோன்றவில்லை. விதி வகுப்போர்க்கும் பொறுப்புண்டு. மிகுந்த மதிப்பெண்ணே இடர்மிகு தாவலுக்கு ஆசை காட்டுவது. 2017இல் புரோதுனோவாவின் கடின மதிப்பைக் குறைத்தனர்.

அவ்வாண்டே தீபாவுக்கு முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்தது. பின்னர்த் தடைசெய்யப்பட்ட ஹைஜெனமின் என்னும் பொருள் உடலில் காணப்பட்டமையால் 21 மாதத் தடை. அது 2023 ஜூலையில் முடிந்தது. அறியாது உட்கொண்டதாக அவர் கூறினார். ஒவ்வோர் அடியையும் எண்ணி ஓடியவரை, எண்ணாது வாயில் சென்ற ஒன்று இடறச் செய்தது. எனினும் மீண்டு வந்து, 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியத் தங்கம் வென்றார். இந்தியர் எவரும் அதற்குமுன் பெறாதது. அவ்வாண்டு அக்டோபரில், உடல் ஓய்வை நாடுவதை உணர்ந்து, 31ஆம் வயதில் போட்டிகளினின்றும் விடைபெற்றார்.