அதே சேலைதான்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள், கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு திருவண்ணாமலைக்கோ திண்டிவனத்துக்கோ பேருந்து பிடித்துவிடுவார்கள். சிங்கவரம் பக்கத்துத் திருநாதர் குன்று பெரும்பாலோர் பயணத்தில் வருவதில்லை. அங்கே ஒரு பெரும்பாறையில் சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அந்தக் குன்றில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு அது முக்கியமான கல். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். திகம்பர மரபு அது. துணியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களின் மலை.

கீழே இறங்கி ஊருக்குள் வந்தால் கடைவீதி. ஆடி பிறந்துவிட்டால் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், நடுநடுவே முகூர்த்தங்கள். நாம் துணி எடுப்பது தேவையைப் பார்த்து இல்லை, காலண்டரைப் பார்த்து. ஒன்றுமே வேண்டாம் என்ற குன்றுக்கும், எவ்வளவு எடுத்தாலும் போதாத கடைவீதிக்கும் நடுவில் ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே நிற்பது?

லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ 1970களில் ஒரு யோசனை சொன்னார். நீண்ட நாள் உழைக்கும் சில நல்ல உடுப்புகள், அவை ஒன்றோடொன்று சேர வேண்டும், அவ்வளவு போதும் என்றார். ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. 1985இல் நியூயார்க்கில் டோனா கரண் ஏழே உடுப்புகளை அடிப்படையாக வைத்து ஒரு தொகுப்பையே வெளியிட்டார். கணக்கு எளிதுதான். நான்கு குர்தி, மூன்று பேண்ட், எல்லாம் எல்லாவற்றோடும் சேரும் என்றால் 12 விதமாக உடுத்தலாம். எதனோடும் ஒத்துப்போகும் துப்பட்டா இரண்டு இருந்தால் 24. கடையில் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் ஐந்தாவது குர்தி இருக்கிறதே, அது இருக்கிற பேண்ட்டில் ஒன்றோடும் சேராது. அதற்கென்று தனியாக ஒரு பேண்ட், ஒரு துப்பட்டா எடுக்க வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைத்ததுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

சேலை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ரவிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு சேலைக்கும் அதே நிறத்தில் ரவிக்கை என்று போனால், லைனிங் வைத்துத் தைக்கும் கூலி சில சமயம் சேலை விலையை எட்டிவிடும். கறுப்பு, அரக்கு, மாம்பழ மஞ்சள், சந்தனம் என்று நான்கு நிறத்தில் நல்ல ரவிக்கை இருந்தால் பீரோவில் உள்ள பெரும்பாலான பருத்திச் சேலைகளுக்கு ஈடுகொடுக்கலாம். அந்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல தையல்காரர் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டு, இரண்டு மூன்று தையல் அடுத்தடுத்து ஓட்டியிருப்பார். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துவிடலாம். இளைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணத்துக்கு முன் தைத்த ரவிக்கை ஏறுகிறது என்றால், உள்ளே விட்டிருந்த அந்த இரண்டு விரற்கடைதான் காரணம். துணி எடுக்கும்போது முன்பக்கத்தைவிட உள்பக்கத்தை அதிக நேரம் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆனால் லண்டன் யோசனை அப்படியே நம் பீரோவுக்குப் பொருந்தாது. ஒரு வருஷமாக உடுத்தாததை எடுத்து வெளியே போடு என்பார்கள் அதைப் பின்பற்றுகிறவர்கள். நம் வீட்டுத் துணியில் பாதி நாம் தேர்ந்தெடுத்ததே இல்லை. தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டுக்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது, நாத்தனார் வச்சிக்கொடுத்தது. ஜாக்கெட் பிட் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகச் சுற்றி வருகிறது. எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். இறந்துபோன பெண்ணுக்கென்று புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கட்டிக்கொள்வாள். அந்தச் சேலை என்ன நிறமாக இருந்தால் என்ன, எந்த ரவிக்கையோடு சேர்ந்தால் என்ன? அதை வெளியே போடச் சொல்லும் எந்தக் கணக்கும் நமக்கு ஆகாது. அப்படி வந்த சேலைகளைப் பெட்டியில் பூட்டாமல் வேலைக்கும் கடைக்கும் கட்டிக் கிழிப்பதுதான் கொடுத்தவருக்கு மரியாதை. அவை இருக்கும்போது புதிதாக எடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். எடுப்பதை நல்லதாக எடுக்கலாம். கோ-ஆப்டெக்ஸில் மாதாமாதம் பணம் கட்டிப் பிறகு சேலை எடுக்கிற சேமிப்புத் திட்டம் இருக்கிறது. கைத்தறிக்கு ஆசைப்படும் அளவான சம்பளக்காரர்களுக்கு அது நல்ல வழி.

எவ்வளவு போதும் என்ற கேள்விக்குச் சரியான பதிலை நான் இந்த மண்ணிலேயே கண்டேன். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் இருக்கிறது. முனிவர் எல்லாவற்றையும் துறக்கிறார். இல்லறத்தார் அப்படித் துறக்க வேண்டியதில்லை, அளவு வைத்துக்கொள்ள வேண்டும். சமந்தபத்திரரின் ரத்தினகரண்டகம் என்ற நூல் இதை விரித்துச் சொல்கிறது. அதன் வழியில் தமிழில் அருங்கலச்செப்பு உண்டு. சாப்பாடு போல ஒருமுறை துய்த்தால் தீர்ந்துபோவது போகம். உடை போல மறுபடி மறுபடி துய்ப்பது உபபோகம். இரண்டுக்கும் அவரவரே எல்லை கட்டிக்கொள்ளலாம். ஆயுளுக்கும் கட்டலாம், முடியாவிட்டால் ஒரு நாளுக்கு, பதினைந்து நாளுக்கு, ஒரு மாதத்துக்கு, ஒரு பருவத்துக்கு. இந்தக் கெடு வைக்கும் பழக்கத்தில் எவ்வளவு கருணை இருக்கிறது! மனித மனம் தெரிந்தவர்கள் வைத்த ஏற்பாடு.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி அரைவேட்டிக்கு மாறியபோதும் முதலில் கெடு வைத்துத்தான் தொடங்கினார், அக்டோபர் 31 வரைக்கும் என்று. மதுரைக்கு வரும் ரயிலில் அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்லிப் பேசினார். வாங்க வசதியில்லை என்றார்கள் அவர்கள். அந்தப் பதில் அவரை உலுக்கியது. கெடு முடிந்த பிறகும் அவர் பழைய உடுப்புக்குத் திரும்பவில்லை.

அந்த ரயிலில் இருந்தவர்களை நினைக்கும்போதுதான் இதுவரை எழுதியதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. சந்திரநந்தி வேண்டாம் என்றார், காந்தி போதும் என்றார். ரயிலில் இருந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய்ப்பே இல்லை. இரண்டு சேலை உள்ளவளிடம் போய்க் குறைவாக உடுத்துவதன் அழகைப் பேசுவது கொடுமை.

வேண்டாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்கூடத்தில் அப்பட்டமாகத் தெரியும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு வருஷத்துக்கு நான்கு செட் சீருடை தருகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை எந்தப் பிள்ளை வீட்டில் எவ்வளவு துணி இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. பிறந்தநாள் வந்தால் ‘கலர் டிரஸ்’. புதுச் சட்டையில் வந்து மிட்டாய் நீட்டும் பிள்ளைகளுக்கு நடுவே, பிறந்தநாளன்றும் சீருடையிலேயே வந்து, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்குத் துணி குறைவு என்பது வீட்டில் தெரியாது. வகுப்புக்குள் வந்ததும்தான் தெரிகிறது. நேற்று வரை போதுமாக இருந்த நான்கு செட், பக்கத்தில் ஒரு புதுச் சட்டை வந்து உட்கார்ந்ததும் போதாமல் போகிறது.

பெரியவர்களின் கல்யாண மண்டபத்திலும் இதேதான். “இன்னாக்கா, சித்தப்பா வூட்டுக் கல்யாணத்துக்கும் இதத்தானே கட்டியிருந்த?” என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் மனதில் விகல்பம் இருக்காது. முப்பது பட்டு வைத்திருப்பவள் சிரித்துவிட்டு அடுத்த முறை வேறு கட்டுவாள். ஒரே பட்டு வைத்திருப்பவள் அடுத்த கல்யாணத்துக்கு இரவல் கேட்பாள். கேட்கக் கூச்சப்பட்டால், உடம்பு முடியவில்லை என்று மொய்ப்பணத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். மொய் நோட்டில் பேர் இருக்கும், பந்தியில் ஆள் இருக்காது. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்தைக்கூடப் பார்க்காமல் போனவர்கள் உண்டு, ஒரு சேலைக்காக.

எவ்வளவு துணி போதும் என்பதை அவரவர் பீரோ முடிவு செய்வதில்லை. அந்த மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து முடிவு செய்கிறோம். நான் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புதிது கட்டும்போது, வாயால் ஒன்றும் சொல்லாமலே, பக்கத்தில் இருப்பவளின் சேலையைப் பழசாக்குகிறேன். புதிது எடுக்க முடிந்தவள் வேண்டுமென்றே அதே சேலையில் வந்து நிற்கும்போது, வேறு வழியில்லாமல் அதே சேலையில் வந்தவளைத் தனியாகப் பிரித்துக் காட்ட எதுவும் இருக்காது. சிக்கனத்தால் மிச்சமாகும் பணம் எனக்கு. அந்தக் கூச்சமின்மை அவளுக்கு. அளவு வைத்துக்கொள்ளும் விரதத்தை ஏன் துறவிக்கு வைக்காமல் இல்லறத்தாருக்கு வைத்தார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. துறவிக்குப் பக்கத்து வீடு கிடையாது. நமக்கு உண்டு.

அதனால் நானும் கெடு வைத்துத் தொடங்குகிறேன். ஆவணி முதல் தை வரை எத்தனை முகூர்த்தம் வந்தாலும் இரண்டே பட்டு, மயில்கழுத்தும் அரக்கும். தினசரி காலண்டரில் பத்திரிகை வந்த நாட்களில் எல்லாம் எது எதற்கு என்று இப்போதே பென்சிலால் குறித்துவிட்டேன். அடுத்தடுத்து வரும் இரண்டு சொந்தக்காரக் கல்யாணங்களுக்கும், ஒரே ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தே, அரக்கைப் போட்டிருக்கிறேன். தை முடிந்ததும் மாசியில் உட்கார்ந்து, இன்னொரு பருவத்துக்கு நீட்டலாமா என்று பார்க்க வேண்டும்.