பொறுப்பு இங்கே, அதிகாரம் எங்கே?

"ஆள்வது டில்லியானால் என்ன, சென்னையானால் என்ன? ஆள்பவர் நல்லவராயிருந்தால் போதாதா? அதிகாரம் எங்கே இருந்தால் நமக்கென்ன, காரியம் நடந்தால் சரி!"

இப்படிப் பேசுவோர் உளர். பேசுவோரில் பலர் நல்லவர், கற்றறிந்தோர், கட்சிப் பூசல் கண்டு சலித்தோர். ஆகவே அவர்தம் பேச்சை எள்ளி நகையாடிவிட்டுப் போவது முறையன்று. எடுத்துப் பார்ப்போம்; எடை போட்டுப் பார்ப்போம்.

மைய அரசுக்கும் மாநில அரசுகளுக்குமிடையே அதிகாரத்தைப் பங்கிடுவது, வழக்கறிஞர் கண்ணுக்குச் சட்டச் சிக்கல். பொருளியலார் கண்ணுக்கு வரவு செலவுச் சிக்கல். கட்சிக்காரர் கண்ணுக்கு மேடைப் பொருள். மூன்றும் உண்மையே. எனினும், மூன்றுக்கும் அடியிலே நான்காவதாக ஒன்று கிடக்கிறது. அது அறச் சிக்கல். செய்ய வல்லவனைப் பார்த்துத்தானே, 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்க முடியும்? செய்யும் வலிவை ஒருவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, செய்யாத பழியை மட்டும் அவன் தலையிலே சுமத்துவது நீதியாகுமா? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

சில இல்லங்களிலே காண்கிறோம். சமையற்கட்டு மருமகள் பொறுப்பு. சாமான் அறைச் சாவியோ மாமியார் இடுப்பிலே! எண்ணெய்க்கும் கேட்க வேண்டும். பருப்புக்கும் கேட்க வேண்டும். கேட்ட அளவு வராது. கேட்ட நேரத்திலும் வராது. பந்தியிலே குழம்பு சப்பென்றிருந்தால், விருந்தினர் முகஞ் சுளிப்பது மருமகளைப் பார்த்து. மாமியாரும் உடன் சேர்ந்து, "இவளுக்குக் கைப்பக்குவம் போதாது" என்பாள். மாமியார் தீயவள் என்று நாம் கூறவில்லை. சிக்கனங் கருதியே சாவியை வைத்திருக்கலாம். விளைவைத்தான் பார்க்கச் சொல்கிறோம். சாவி உள்ளவளுக்குப் பழியில்லை. பழி உள்ளவளுக்குச் சாவியில்லை. நாளடைவில் ஒருத்தி கேட்பாரற்றவளாகிறாள். மற்றவளோ, தன் பிழைக்கும்கூட, "நான் என்ன செய்வேன், சாவி என்னிடமா இருக்கிறது?" என்று சொல்லப் பழகிவிடுகிறாள். ஒருத்திக்கு ஆணவம், மற்றவளுக்குச் சாக்கு. இருவர் பண்பும் கெடுகிறது. பொறுப்பும் அதிகாரமும் பிரிந்து நிற்கும் இடத்திலெல்லாம் விளைவது இதுவே.

வெள்ளையர் இதனை ஓர் ஆட்சி முறையாகவே நடத்திக் காட்டினர். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களிலே இரட்டையாட்சி வந்தது. கல்வி, சுகாதாரம், தல ஆட்சி ஆகிய துறைகள் மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களுக்கு. நிதி, போலீசு, நிலவரி ஆகியவை கவர்னரின் நிர்வாக சபைக்கு. பள்ளி திற என்று அமைச்சரிடம் மக்கள் கேட்பர். பணப்பெட்டி வேறொருவர் அறையிலே இருக்கும். 'உரிமை தந்தோம்' என்று உலகுக்குச் சொல்லிக்கொள்ள வெள்ளையருக்கு வழி கிடைத்தது. 'ஆளத் தெரியவில்லை' என்ற பழி மட்டும் நம்மவர் பங்குக்கு வந்தது.

அந்தக் கட்டுக்குள்ளிருந்தும் சிலர் செய்தனர். 1920ஆம் ஆண்டிலே, பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! பின்னர் வேறு பள்ளிகளுக்கும் பரவிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அன்றைய அரசு இசையாததால், 1925இல் நின்றது. பசித்த பிள்ளையின் முகத்தைக் கண்டவர் ஓரிடத்தில். 'கூடாது' என்று எழுதும் பேனா வேறிடத்தில்.

ஆயினும், அந்த எண்ணம் மாளவில்லை. 1956இல் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது மாநிலத்தின் மதிய உணவுத் திட்டமாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1995இல் மைய அரசு நாடெங்குக்குமான திட்டமாக்கிற்று. 2001இல் உச்ச நீதிமன்றம், தானியமாக அளந்து தருவது போதாது, சமைத்த உணவே தர வேண்டும் என ஆணையிட்டது. ஒரு நகராட்சி மன்றத்தில் முளைத்தது, மாநிலத்தில் வளர்ந்து, நாடு முழுவதற்கும் நிழலாயிற்று. இந்நாட்டின் பல கோடிப் பிள்ளைகள் உண்ணும் சோறு, மேலிருந்து கீழே இறங்கியதன்று. கீழிருந்து மேலே ஏறியது! 'அதிகாரம் எங்கே இருந்தால் என்ன?' என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரம் விளக்குப் பிள்ளையின் பசி, ஆயிரம் கல் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு முதலில் தெரிந்திருக்குமா?

விடுதலை பெற்ற நாடு 1950இல் அரசியல் சட்டம் கண்டது. முதற் பிரிவே, இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. அதிகாரங்களை மூன்று பட்டியலாக வகுத்தனர்: மையத்துக்கு 97, மாநிலங்களுக்கு 66, இருவருக்கும் பொதுவாக 47. பொதுப் பட்டியலில் இருவர் சட்டமும் மோதினால், மையச் சட்டமே நிற்கும். பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரமும் மையத்துக்கே. இந்த ஏற்பாட்டிற்குக் காரணம் இல்லாமலில்லை. 1947 சூன் மாதத்தில் பிரிவினை உறுதியானது. அதற்கு முன்னர், வலுக்குறைந்த மையம் போதும் என்ற திட்டமே பேச்சில் இருந்தது. நாடு துண்டாகி, குருதி ஆறாக ஓடக் கண்டவர்கள் வலுவான மையம் வேண்டினர். அவர்தம் அச்சம் பொய்யன்று.

அச்சத்தில் போட்ட பூட்டு, அச்சம் தணிந்த பின்னும் அப்படியே கிடக்கலாமா என்பதே கேள்வி. ஒரு மாநிலத்தின் பெயரைப் பாருங்கள். 1956இல் தியாகி சங்கரலிங்கனார், 'தமிழ்நாடு' என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். 1967 சூலையில் சட்டமன்றம் அப்பெயர் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 சனவரி 14இல்தான் பெயர் நடைமுறைக்கு வந்தது. தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்வது என்பதைக்கூட ஒரு மாநிலம் தானே முடிவு செய்ய இயலாது. பெயரை மட்டுமா? எல்லையை மாற்றவும், மாநிலத்தைப் பிரிக்கவும் நாடாளுமன்றத்தால் முடியும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை!

பள்ளியிலே பாடஞ் சொல்லும் நம் போன்றோர்க்கு நெருங்கிய பொருள் கல்வி. அது மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல், நெருக்கடி நிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருந்த வேளையில், 42ஆவது திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிற்று. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் நெருக்கடிக் காலக் கேடுகள் பலவற்றைக் களைந்தது. கல்வி மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இன்று, மாநில அரசு தன் பணத்தில் மருத்துவக் கல்லூரி கட்டுகிறது. ஆசிரியருக்கு ஊதியம் தருகிறது. அதனுள் யாரைச் சேர்ப்பது என்பதற்கான தேர்வு மட்டும் மாநிலத்தின் கையில் இல்லை. 'நீட்' தேர்விலிருந்து விலக்கு வேண்டி 2017இலும் 2021இலும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அத்தேர்வு நன்றா தீதா என்பது தனி வழக்கு. அவ்வழக்கை இங்கே எடுக்கவில்லை. தேர்வு தீதானால், வாக்காளர் யாரைத் தண்டிப்பது? நன்றானால், யாரைப் பாராட்டுவது? விடை தெரியாத நிலையில் வாக்குச் சீட்டு வெறுஞ் சீட்டாகிவிடுகிறதே, அதைத்தான் சுட்டுகிறோம்.

பணத்தின் கதையும் இதுவே. பங்கிடத்தக்க மைய வரித் தொகையில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு என்றது 15ஆவது நிதிக் குழு. 'செஸ்' என்றும் 'சர்சார்ஜ்' என்றும் வேறு பெயரிட்டுத் திரட்டினால், அத்தொகை பங்கீட்டுக்கே வராது. 2017 சூலை முதல் நாள் வந்த சரக்கு சேவை வரி மன்றத்தில், மையத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குத் தெரிந்த சிறுவனும் சொல்வான்: மாநிலங்கள் அத்தனையும் ஒருமுகமாக நின்றாலும், மையம் வேண்டாமென்றால் நடவாது!

இத்தனைக்கும் மேலே, ஆட்சியையே கலைக்கும் 356ஆவது பிரிவு. 1959இல் கேரளத்திலே, மக்கள் தேர்ந்தெடுத்த நம்பூதிரிபாட் அமைச்சரவை நீக்கப்பட்டது. 1976இலும் 1991இலும் தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டது. 1991இல் கவர்னர் அறிக்கை தராமலேயே! 1994இல் பொம்மை வழக்கிலே உச்ச நீதிமன்றம் கடிவாளமிட்ட பிறகே இவ்வழக்கம் குறைந்தது. ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. 1969இல் இராசமன்னார் குழு, 1983இல் சர்க்காரியா குழு என அறிஞர்கள் அமர்ந்து எழுதியவை கட்டுக்கட்டாக உள்ளன. அறிவு போதாமையால் நிற்கவில்லை. கையிலுள்ள சாவியைத் தர மனமில்லாமையால் நிற்கிறது.

"அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தால் நாடு உடையும்" என்கின்றனர். வரலாற்றையே கேட்போம். பாகிஸ்தான் குவித்துப் பார்த்தது. 1955இல் மேற்குப் பகுதி மாகாணங்களையெல்லாம் ஒரே அலகாக்கிற்று. கிழக்கு வங்கத்தின் மொழியையும் வாக்கையும் மதிக்க மறுத்தது. 1971இல் நாடே இரண்டாயிற்று. இந்தியாவோ 1956இல் மொழிவழி மாநிலங்களை அமைத்தது. உடையும் என்று அன்றும் அஞ்சினர், உடைந்ததா? மதிக்கப்பட்டவன் உடனிருப்பான், மிதிக்கப்பட்டவனே வழி தேடுவான்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "மாநிலமே கொடுமை செய்தால்?" என்று கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்வி. 1957இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரில், கறுப்பின மாணவர் ஒன்பது பேர் உயர்நிலைப் பள்ளியில் நுழையாதபடி மாநில கவர்னரே படையை நிறுத்தினார். 'மாநில உரிமை' என்பது அங்கே நிறவெறிக்குப் போர்வையாயிற்று. குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்பியபின்தான் பிள்ளைகள் வகுப்புக்குப் போக முடிந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? மதுரை மாவட்டத்து மேலவளவிலே, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு வந்தார் என்பதற்காகவே, 1997இல் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊருக்கு அதிகாரம் என்பது ஊரிலுள்ள ஆதிக்கக்காரனுக்கு அதிகாரம் என்று முடிந்துவிடக் கூடாது.

ஆகவே நாம் ஒளிக்காமல் ஒப்புகிறோம்: மனிதனை மனிதனாக நடத்துவது எந்தத் தலைநகரின் விருப்பத்துக்கும் விடப்பட்டதன்று. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு டில்லிக்கும் பொருந்தும், சென்னைக்கும் பொருந்தும், கடைசிக் குக்கிராமத்துக்கும் பொருந்தும். அந்த உரிமையைக் காக்க மேலுள்ள அரசு கை நீட்டினால், அக்கையை வரவேற்போம். காவலுக்கு நிற்பவர் கள்வனைத் தடுக்கட்டும். வீட்டிலே இன்றைக்கு என்ன சமைப்பது என்று கட்டளையிட வேண்டாம்.

இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. பிறரைப் பார்த்துக் கேட்டது போதும். நம்மை நோக்கிக் கேட்க வேண்டியது இது. மருமகளாயிருந்தபோது சாவி கேட்டு அழுதவள், தனக்கொரு மருமகள் வந்ததும் என்ன செய்கிறாள்? அதே சாவியைத் தன் இடுப்பிலே செருகிக்கொள்கிறாள்! 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு 29 பொருள்களும் நகராட்சிகளுக்கு 18 பொருள்களும் அட்டவணையில் குறிக்கப்பட்டன. கொடுப்பதா வேண்டாமா என்பது மாநிலச் சட்டமன்றங்களின் கையில். கேரளம் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கித் தன் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முன்வந்தது. தமிழ்நாட்டிலோ, 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 திசம்பரில்தான் நடந்தது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகரங்களில் 2022 பிப்பிரவரியில்! ஐந்தாண்டுக்கு மேலாக நகர மக்களுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. சாக்கடை அடைத்தால் கேட்க ஓர் அதிகாரி இருந்தார். கேட்டுப் பயனில்லையென்றால் மாற்றுவதற்கு ஆள் இல்லை. டில்லி சென்னைக்குச் செய்தால் அநீதி. சென்னை சிற்றூருக்குச் செய்தால் நிர்வாக வசதியா? ஒரே படி கொண்டு இரு பக்கமும் அளக்காதவன் வணிகத்திலும் தோற்பான், அறத்திலும் தோற்பான்.

நாம் கேட்பது இரந்து பெறும் சலுகையன்று. மற்றவருக்கும் தரச் சித்தமாயிருக்கும் உரிமை. எவர் மக்கள் முன் நின்று விடை சொல்ல வேண்டியவரோ, அவர் கையிலே அதிகாரம் இருக்கட்டும். அதிகாரம் போகும் இடத்துக்குப் பணமும் போகட்டும். மனிதனின் மானம் எவர் பட்டியலுக்கும் அப்பால் நிற்கட்டும். இந்த மூன்றையும் டில்லியிடம் கேட்கும் நாவே, கோட்டையிடமும் கேட்கட்டும். ஊராட்சி மன்றத்தில் ஊர்ப் பெரியதனக்காரரிடமும் கேட்கட்டும்.

'ஆள்பவர் நல்லவராயிருந்தால் போதாதா?' என்ற நண்பர்களுக்கு நம் விடை இதுதான்: போதாது! நல்லவர் என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டு உறங்குவது குடியாட்சியன்று. சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் அவர் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிடில் வாங்கி வேறொருவரிடம் தரும் வலிவு நம்மிடம் இருக்க வேண்டும். அடுத்த கிராம சபை கூடும் நாளில், நம் ஊரின் எந்தப் பொறுப்புக்கு எந்த அதிகாரம், எவ்வளவு பணம் என்ற அந்த எளிய கேள்வியோடு எழுந்து நிற்போம். அங்கே கேட்கப் பழகியவர் குரல் டில்லிக்கும் எட்டும்.