சபையாகக் கூடி உபவாசம்

சபை உபவாசம் என்பது ஒரு திருச்சபை முழுவதும், முன்னறிவித்த ஒரு நாளில், முன்னறிவித்த ஒரு காரியத்துக்காக உணவை விலக்கி ஜெபத்தில் கூடுவது. இதற்கான பழைய முன்மாதிரி யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இருக்கிறது. எக்காளம் ஊதி நாளை அறிவிக்கும்படியும், முதியோரையும் பால்குடிக் குழந்தைகளையும் மணவறையில் இருக்கும் மணமகனையும்கூட அழைத்து வரும்படியும் அங்கே கட்டளை வருகிறது. நினிவே நகரில் அரசன் முதல் ஆடுமாடு வரை உபவாசித்தன. அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்த பிறகே பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்கு அனுப்பியது.

மத்தேயு 6-ஆம் அதிகாரமோ எதிர்த்திசையில் பேசுகிறது. உபவாசிக்கிறவன் தலைக்கு எண்ணெய் தடவி, முகம் கழுவி, பிறர் கண்ணுக்குத் தெரியாதபடி இருக்கவேண்டும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: நாளை ஊரறியச் சொல்லலாம், ஆனால் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று ஒருபோதும் கணக்கெடுக்கக் கூடாது. வருகைப் பதிவேடும், கையுயர்த்தச் சொல்வதும், மூன்று நாள் இருந்தவருக்கு மேடையில் பாராட்டும் உபவாசத்தைப் போட்டியாக்கிவிடும்.

திருவண்ணாமலைச் சபைகளை எடுத்துக்கொண்டால், இந்த ஊருக்கு நோன்பு புதிதல்ல; கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் சுடர் தெரியும்வரை உண்ணாதிருப்போர் பலர். டேனிஷ் மிஷன் பணியிலிருந்து வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், 1952-இல் அமைந்த வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கரும் இவ்வூரில் இருக்கிறார்கள். கத்தோலிக்கருக்குச் சட்டமே உண்டு: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையாதவர் வரை அது கடமை. இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் 14 வயதிலிருந்தே தொடங்கும். லுத்தரன் மரபில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. உபவாசத்தால் புண்ணியம் சேரும் என்பதை 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை மறுக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த லுத்தரின் சிறிய ஞானோபதேசமோ அதை நல்ல வெளிப்புறப் பயிற்சியாக ஏற்கிறது.

நாள் குறிப்பதில் இவ்வூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வசந்தகாலத்து முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பதால், பெரிய வெள்ளி எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் பெருகி, ஊருக்குள் போக்குவரத்து திணறுவதும் அதே நாள்களில்தான். சுற்றுக் கிராமங்களிலிருந்து வருவோர் இருந்தால் பரிசுத்த வாரக் கூடுகையை அந்த இரவுகளுக்கு வைக்காமல் பகலிலேயே முடிப்பது நல்லது. அல்லது லெந்து நாள்களின் முந்தைய வெள்ளி ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒலிபெருக்கியைக் கட்டிடத்துக்குள் மட்டும் வைப்பது அக்கம்பக்கத்துக்குக் காட்டும் மரியாதை.

காரியம் ஒன்றாகவும் தெளிவாகவும் இருக்கவேண்டும். மழை, புதிய போதகர் நியமனம், சபைக்குள் மூண்ட வழக்கு எனப் பத்தையும் ஒரே நாளில் அடுக்கினால் ஜெபம் பட்டியல் வாசிப்பாகிவிடும். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று வரை என்றால் வேத வாசிப்பு, பாவ அறிக்கை, மௌனம், ஜெபம் எல்லாவற்றுக்கும் நேரம் போதும். நடுவில் நீண்ட பிரசங்கம் வேண்டாம். பசித்த வயிற்றோடு ஒன்றரை மணிநேரம் பேச்சுக் கேட்பது தனிச் சோதனை.

உடல்நிலை பற்றிய அறிவிப்பை முந்திய ஞாயிறே சொல்லிவிடவேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், நோயுற்ற முதியோர் ஆகியோர் உணவை விடாமலே ஜெபத்தில் பங்கெடுக்கலாம். மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அளவுகோல் அல்ல. இதைப் போதகரே பீடத்திலிருந்து சொன்னால்தான் வயதானவர்கள் கேட்பார்கள். தண்ணீர் எல்லோருக்கும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். பங்குனி வெயிலில் தண்ணீரையும் விடச் சொல்வது ஆபத்து.

முடிவில் எளிய கஞ்சியும் துவையலும் போதும். பிரியாணி அண்டா வந்து இறங்கும் உபவாசங்களும் இல்லாமல் இல்லை. அங்கே மிச்சப்படுவது எதுவுமில்லை. ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசத்தைப் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதில்தான் அளக்கிறது. ஆகவே அன்று ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடாத அரிசியோ அதன் விலையோ தனி உண்டியலுக்கு வரவேண்டும். அதைச் சபையின் பொதுக்கணக்கில் கலக்காமல், யாருக்குப் போகிறது என்று முன்பே முடிவுசெய்து, அந்த வாரத்துக்குள்ளேயே கொடுத்துவிடுவது முறை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் மொத்தத் தொகையை மட்டும் வாசிப்பார்கள். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அதில் இடம்பெறாது.