இல்லாமையை அறிதல்

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்னும் அறிவு எந்த அளவையால், அதாவது அறியும் வழியால், வருகிறது என்பதில் இந்தியத் தத்துவ மரபுகள் ஒன்றுபட்டதில்லை. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் அனுபலப்தி, அதாவது காணப்படாமை, என்பதைத் தனி அளவையாக ஏற்றனர். நையாயிகர் அதைக் காட்சிக்குள் அடக்கினர். அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரில் அபாவம் என்னும் இல்லாமையையும் ஓர் அளவையாக எண்ணிக்காட்டிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்றார். எண்ணிக்கைப் பூசலைவிட, காணப்படாமைக்கு மீமாம்சகரும் நையாயிகரும் விதித்த நிபந்தனையே ஆழமானது: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்னும் நிலை இருந்தாலன்றிக் காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது. இருட்டறையில் துழாவாமல் நின்றவனால், குடம் இல்லை என்று சொல்ல இயலாது.

பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகியவற்றின் மரபணுத் தரவுத்தளங்களைப் பேணிய குழுக்கள் 1998-இல் சேர்ந்து தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி, இந்நிபந்தனையைத் தன் போக்கில் மீண்டும் கண்டடைந்தது. மரபணுவின் விளைபொருளான புரதம் செல்லுக்குள் எங்கு உள்ளது, என்ன செய்கிறது, எந்த நிகழ்முறையில் பங்குகொள்கிறது என்பவற்றை அது பொதுச் சொற்களால் பதிகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் உண்டு, மைட்டோகாண்ட்ரியாவுக்கு 0005739. அப்புரதம் அங்கு உள்ளது என்பது நேரடிச் சோதனையில் கண்டதா, பிற புரதத்தோடு உள்ள ஒப்புமையால் கருதியதா, ஆய்வாளர் கூற்றா, மனிதர் சரிபாராத கணினிக் கணிப்பா என்பதைச் சான்றுக் குறியீடு தெரிவிக்கும்.

இல்லாமைக்கும் அதில் இடமுண்டு. எதிர்பார்த்த செயல் சோதனையில் தென்படாதபோது பதிவின்மேல் 'இல்லை' என்னும் குறி இடப்படுகிறது. ஆய்வுக்கட்டுரைகளைத் தேடியும் ஒன்றும் கிடைக்காதபோது, தேடிய நாளோடு 'தரவு இல்லை' என்னும் வேறொரு குறி இடப்படுகிறது. எதுவும் எழுதப்படாத வெற்றிடம் இவ்விரண்டுமன்று. அங்கு எவரும் இன்னும் தேடிப் பதியவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆயினும் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேர எண்ணும் கணிப்புகளில் இவ்வெற்றிடம் எளிதில் இல்லாமையாகப் படிக்கப்பட்டுவிடுகிறது. இது சிறு பிழையன்று.

பழைய விவாதத்தில் குடத்தைத் தேடியவனும் அறைக்கு வெளிச்சம் இருந்ததை அறிந்தவனும் ஒருவனே. பலர் சேர்ந்து பேணும் பதிவிலோ சோதித்தவர், பதிந்தவர், படிப்பவர் வெவ்வேறானவர். பிளவுறு ஈஸ்டுக்கான பாம்பேஸ் தரவுத்தளம் கட்டுரை எழுதியவர்களையே பதியுமாறு அழைத்து இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கிறது; படிப்பவரின் தொலைவு அப்போதும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் குடம் காணப்படவில்லை என்பதோடு, விளக்கு எரிந்ததா, எந்த நாளில் எரிந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.