பொம்மைப் பெட்டியின் விலையும் மதிப்பும்



ஒரு பொருளின் விலை வேறு, அதன் மதிப்பு வேறு என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். ஆயினும் கடையில் நிற்கும்போது இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பவர்கள் வெகு சிலரே. இந்தப் பழைய கேள்வியை இவ்வாரம் பிள்ளைகளுடைய விளையாட்டுச் சாமான் ஒன்றை வைத்து ஆராய்வோம். அற்பமான பொருள்தானே என்று தள்ளிவிடாதீர்கள். அற்பமான பொருள்களை நாம் நடத்தும் விதத்தில்தான் நம்முடைய மனப்போக்கு நன்றாய் வெளிப்படுகிறது.

லெகோ என்னும் கட்டைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மேற்புறத்தில் சிறு குமிழ்கள் உள்ள வர்ணப் பிளாஸ்டிக் கட்டைகள் அவை. ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து அழுத்தினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர் 1932-ம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தம் தொழிலுக்குப் பெயர் வைத்தார். பிளாஸ்டிக் கட்டைகள் பின்னால் வந்தவை. 1958-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அவருடைய மகன் காட்ஃபிரெட், இன்று நாம் காணும் கட்டையின் அமைப்புக்கு உரிமை கோரி மனுச் செய்தார். அந்த ஆண்டில் செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடும் பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட, ஒரே நிறமுள்ள கட்டைகள் ஆறு மட்டும் இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாமென்று கணித அறிஞர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறே கட்டைகளில் இத்தனை விதமென்றால், அந்தச் சாமானின் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறதென்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

நெடுங்காலம் இக்கட்டைகள் வீடு, வண்டி, கோட்டை, கப்பல் என்ற பொதுப் பெயர்களிலேயே விற்கப்பட்டன. 1999-ம் ஆண்டில் கம்பெனி முதல் தடவையாக ஒரு சினிமாப் படத்தின் பெயரைக் கட்டணம் கொடுத்துப் பெற்று, 'ஸ்டார் வார்ஸ்' பெட்டிகளை வெளியிட்டது. 2001-ல் 'ஹாரி பாட்டர்' பெட்டிகள் வந்தன. அவை நன்றாக விற்பனையாயின. ஆனால், கடன் வாங்கிய புகழுக்கு ஒரு தவணை உண்டு. 2003-ல் இந்த இரண்டு வரிசையிலும் புதுப் படம் ஒன்றும் வெளிவரவில்லை. அவ்வாண்டில் கம்பெனியின் விற்பனை சரிந்து பெரும் நஷ்டம் ஏற்பட்டது. அளவுக்கு மீறிப் பல தொழில்களில் கை வைத்ததும் அதற்குக் காரணம். எனினும், திரையில் படம் இல்லாதபோது படத்தின் பெயரால் விற்ற பெட்டி கடையிலேயே தங்கிவிடும் என்பதை அவர்கள் அப்போது கண்டுகொண்டார்கள்.

இது ஏன் நேருகிறது? பொம்மைப் பெட்டியை, படத்தை ஒருவரும் பார்ப்பதற்கு முன்னரே திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. கடைக்காரரும் படம் எப்படிப் போகும் என்று அறியாமலே சரக்குக்குப் பணம் கட்டுகிறார். படத்துக்காரருக்குச் சேர வேண்டிய ராயல்டியும் விலையில் ஏறுகிறது. படம் சில வாரம் ஓடி மறைகிறது. அது ஜனங்களுக்குப் பிடிக்காமற் போனாலோ, அடுத்த படம் வந்துவிட்டாலோ, பழைய பெயர் எழுதிய பெட்டி தள்ளுபடி விலைக்கு வருகிறது. 2010-ல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 2013-ல் வெளிவந்த 'தி லோன் ரேஞ்சர்' ஆகிய படங்களின் பெட்டிகள் இப்படித்தான் முடிந்தன. படம் தோற்றது, பெட்டியும் அதனோடு விழுந்தது.

2014-ல் இக்கட்டைகளையே பாத்திரங்களாக வைத்து 'தி லெகோ மூவி' என்ற படம் வந்தது. அதன் வசூல் ஏறத்தாழ 47 கோடி டாலர். 2017-ல் அவ்வகைப் படங்கள் மேலும் இரண்டு வந்தன. ஆயினும் அதே ஆண்டில்தான் கம்பெனியின் விற்பனை 13 ஆண்டுகளில் முதல் தடவையாகக் குறைந்தது. சரக்கு தேங்கியது, 1,400 பேருடைய வேலையைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். 2019-ல் வந்த இரண்டாம் பாகம் 20 கோடி டாலரையும் எட்டவில்லை. கம்பெனி பிற்பாடு நன்றாகவே தலையெடுத்தது. சில படங்களின் பெட்டிகள் இன்றும் நன்றாய் விற்கின்றன. ஆனால் படத்தின் பெயர் ஒன்றே போதும், பெட்டி தானாக விற்றுவிடும் என்ற நம்பிக்கை பழையபடி இல்லை.

இதுவரை சொன்னது கடைக்காரருடைய கவலை. இனி வீட்டுக்கு வருவோம்.

மேல்நாடுகளில் இப்பெட்டிகளைப் பிரிக்காமல் பூட்டி வைத்து, கம்பெனி அவற்றைச் செய்வதை நிறுத்திய பிறகு அதிக விலைக்கு விற்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இது வெறும் பைத்தியக்காரத்தனமன்று. 1987 முதல் 2015 வரை வெளிவந்த 2,000-க்கு மேற்பட்ட பெட்டிகளை ஆராய்ந்த ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள், சராசரியாக ஆண்டுக்கு 11 சதவிகித லாபம் கிடைத்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் சராசரி என்பது ஒருவருடைய பெட்டியன்று. பல பெட்டிகள் அந்த அளவை எட்டவில்லை. சில நஷ்டத்தையே தந்தன. 2007-ல் 'ஸ்டார் வார்ஸ்' விண்கலம் ஒன்றின் பெரிய பெட்டி 500 டாலருக்கு வந்தது. பிற்காலத்தில் அது பல ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. 2017-ல் கம்பெனி அதே விண்கலத்தை 7,541 துண்டுகளோடு இன்னும் பெரிதாக, 800 டாலருக்கு மறுபடி வெளியிட்டது. பழைய பெட்டியின் விலை வெகுவாக இறங்கியது. எல்லோரும் லாபத்துக்காகப் பூட்டி வைத்தால், எல்லோரும் ஒரே காலத்தில் விற்க வருவார்கள். அப்போது வாங்குகிறவன் யார்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விலை இறங்கிய அந்த நாளில் பெட்டிக்குள் என்ன மாறியது? ஒரு கட்டையாவது சுருங்கவில்லை. ஒரு நிறமாவது மங்கவில்லை. நேற்று எந்தக் கப்பலைக் கட்ட முடியுமோ, அதை இன்றும் கட்டலாம். அப்படியானால் இறங்கியது பொருளின் நன்மையன்று. அதைப் பற்றிப் பிறர் கொண்ட அபிப்பிராயமே. பிறருடைய அபிப்பிராயத்தில் தன் செல்வத்தை வைத்தவன், தன் வீட்டுச் சாவியைப் பிறர் கையில் கொடுத்தவனாகிறான்.

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் இதைப் பற்றித் தம்முடைய அரசியல் நூலில் செருப்பை உதாரணமாக வைத்து விளக்குகிறார். செருப்புக்கு இரண்டு உபயோகம் உண்டு: காலில் அணிவது ஒன்று, கொடுத்து வேறொன்றை வாங்குவது மற்றொன்று. இரண்டும் உபயோகமே, ஆயினும் செருப்பு செய்யப்பட்டது அணிவதற்காகவே. பொருளை அதற்குரிய உபயோகத்துக்காகத் தேடுகிறவனுடைய தேவைக்கு ஓர் எல்லை உண்டு. ஏனெனில் மனிதனுக்குக் கால் இரண்டுதான். பணத்துக்காகவே பொருளைத் தேடுகிறவனுடைய ஆசைக்கோ எல்லையே இல்லை.

இதைப் பொம்மைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு தகப்பன் கிறிஸ்மஸ் பண்டிகைக்கு இரண்டு பெட்டிகள் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மகனுக்கு, மற்றொன்று பூட்டி வைப்பதற்கு. அவன் பேராசைக்காரன் அல்ல. மகனுடைய படிப்புக்கு நாலு காசு சேரட்டும் என்றுதான் எண்ணுகிறான். இதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். தேவைக்கு மிஞ்சியதைச் சேமிப்பது தகப்பனுடைய கடமை. ஆனால் பணம் முடைப்படுகிற ஆண்டில் அவன் ஒரே ஒரு பெட்டி வாங்குகிறான். அதைப் பிரிப்பதா, பூட்டி வைப்பதா? மூடிய பெட்டிதான் அதிக விலை பெறும். பிள்ளையின் விரல் பட்டவுடனே விலை இறங்கிவிடும். ஆகவே, எந்தக் கைக்காக அந்தச் சாமான் செய்யப்பட்டதோ அந்தக் கையே அதற்குக் கேடு என்று ஆகிறது! பொருளின் முறை தலைகீழாவது இங்கேதான். வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. அந்த நாய்க்காவது வைக்கோலால் லாபம் வருமென்ற கணக்கு இல்லை.

இன்னொரு விபரீதமும் உண்டு. அலமாரியின் மேல் இருக்கும் பெட்டியைப் பிள்ளை தினமும் பார்க்கிறான். தன் தகப்பனுக்கு அது ஏன் அருமையானது என்று அவன் கற்றுக்கொள்கிறான். 'இது எவ்வளவு நல்லது?' என்று கேட்க வேண்டிய வயதில், 'இது எவ்வளவுக்குப் போகும்?' என்று கேட்கப் பழகுகிறான். பின்னொரு நாள் நண்பரையும், நிலத்தையும், வயதான தாய் தகப்பனையும் அவன் அதே கேள்வியோடு பார்த்தால் நாம் ஆச்சரியப்படலாமா?

வேடிக்கை என்னவென்றால், 2014-ல் வந்த அந்தப் படத்தின் கதையே இதுதான். ஒரு தகப்பன் வீட்டின் நிலவறையில் கட்டைகளால் பெரிய நகரமொன்றை அமைக்கிறார். ஒன்றும் கலையாதபடி எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிட எண்ணுகிறார். மகனோ அவற்றைக் கலைத்துத் தன் இஷ்டப்படி விளையாடுகிறான். முடிவில் மகன் செய்ததை உற்றுப் பார்த்த தகப்பனுடைய மனம் இளகுகிறது, பசையை விட்டுவிடுகிறார். இந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களிலும் சிலர், அதே படத்தின் பெட்டிகளைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கினார்கள். நல்ல போதனையைக் கைதட்டிக் கேட்டுவிட்டு நேர்மாறாக நடப்பது மனிதனுக்குப் புதிதல்லவே.

'முதிர்ந்தவர்கள் தங்கள் மகிழ்ச்சிக்காகச் சேகரிப்பதும் தவறோ?' என்று ஒருவர் கேட்கலாம். தவறன்று. பார்த்து மகிழ்வதும் ஓர் உபயோகமே. விற்பதும் தவறன்று, வியாபாரம் நேர்மையான தொழில். நான் கேட்பது இதுதான்: நீங்கள் வாங்கியது விலையின்றிப் போய்விட்டாலும், வாங்கினதற்காகச் சந்தோஷப்படுவீர்களா? ஆம் என்றால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. இல்லை என்றால், நீங்கள் பொம்மை வாங்கவில்லை. பிறருடைய ஆசையின்மேல் பந்தயம் கட்டினீர்கள். அந்தப் பெயரைச் சொல்லியே அதைச் செய்யுங்கள். பிள்ளையின் பெயரை அதில் சேர்க்க வேண்டாம்.

பெற்றோர்களே, சினிமாவின் பெயர் பெட்டியின் மேல் இருக்கிறது. கட்டைகள் பெட்டிக்குள் இருக்கின்றன. பெயர் சில மாதத்தில் பழசாகிவிடும். விண்கலமாக வந்த கட்டைகள் மறு வாரமே மாட்டுத் தொழுவமாகவோ பாலமாகவோ மாறிவிடும். பிள்ளை அதற்காக ஒருபோதும் வருந்துவதில்லை. படம் தோற்றுத் தள்ளுபடி விலைக்கு வந்த பெட்டியை வாங்கும் ஏழைத் தகப்பன் ஏமாந்தவனல்ல. குறைந்த விலைக்கு முழு மதிப்பையும் பெற்றவன் அவனே.

கடைசியாக ஒன்று. கம்பெனி நினைத்தால், நிறுத்திவிட்ட பெட்டியைப் பத்தாண்டு கழித்து மறுபடி வெளியிட முடியும். உங்கள் பிள்ளையின் ஏழாவது வயதை ஒருவரும் மறுபடி வெளியிட முடியாது. பூட்டிய பெட்டி வீட்டில் இருந்தால், விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிராமல், பிள்ளைக்கு அது வேண்டியிருக்கும்போதே திறந்துவிடுங்கள்.