பூட்டிவைத்த பாட்டு

மினியாபொலிஸ் நகரத்துப் பிரின்ஸ் பாடகர் மட்டுமல்லர். பாட்டெழுதி, வாத்தியங்களைத் தாமே வாசித்து, ஒலிப்பதிவையும் தாமே நடத்தியவர். 1978-ல் வந்த முதல் இசைத்தட்டே அப்படித்தான். தம் பாட்டு எப்போது வெளிவரவேண்டும் என்று கம்பெனி நிர்ணயிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1993-ல் பெயரையே துறந்து ஒரு குறியை வைத்துக்கொண்டார். கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். 1996-ல் விலகித் தனியாளானார்.

அத்தனை போராடியவர் 2016-ல் உயில் எழுதாமலே இறந்துபோனார். பெட்டக அறையில் அவர் வெளியிடாத பாட்டுகள் ஏராளம். 1983-ல் பியானோ முன் தனியே உட்கார்ந்து பாடிய ஒரு நாடா 2018-ல் வெளியாயிற்று. நானும் கேட்டேன். அழகான பாட்டுத்தான். ஆனாலும் கதவிடுக்கில் காது வைத்தவனின் குறுகுறுப்பு போகவில்லை.

கலைஞன் போனால் கலை உலகத்துக்குச் சொந்தம் என்கிறார்கள். என் டிரங்குப் பெட்டியில் பாதியில் விட்ட நாவல்கள் இரண்டு கிடக்கின்றன. மோசம் என்றுதான் விட்டேன். கிழித்தெறிய மனசு வரவில்லை. அதைச் சம்மதம் என்று கொள்வதா?

"பூட்டுகிறவன் என்றைக்காவது திறக்கத்தானே பூட்டுகிறான்?" என்கிறாள் என் மனைவி.

பதில் சொல்லத் தெரியவில்லை. பெட்டிச் சாவி எங்கே என்று நேற்று வெகுநேரம் தேடினேன்.